தங்கை கல்யாணத்துக்கு ஆறு லட்சம்: நகைக்கடனா, வட்டிக்கா, போக்கியமா, நிலத்தை விற்பதா?

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா கும்பகோணத்தில் என் வீட்டுக்கு வந்தார். கையில் மஞ்சள் பை. அதற்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு, பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல், சித்தியின் நகைக்கடை ரசீதுகள். "ஏம்மா, நீ ஆலையில கணக்கு எழுதுறவ. இதையும் கொஞ்சம் பாரேன்" என்று சொல்லிவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்தார். அவர் மகளுக்கு, என் தங்கைக்கு, வரன் அமைந்துவிட்டது. தையில் முகூர்த்தம் வைக்கலாம் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு. பணம்தான் இடிக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் வரை நாங்கள் போட்ட கணக்கை இங்கே எழுதுகிறேன். இதே கணக்கோடு டெல்டாவில் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. கல்யாணம், ஆஸ்பத்திரி, காலேஜ் அட்மிஷன், கருமாதி என்று எது வந்தாலும் கடைசியில் வந்து நிற்பது இந்த நாலைந்து வழிகளில்தான். ஆனால் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நமக்கு யாரும் நேரம் கொடுப்பதில்லை. தேதி குறித்த பிறகு யோசிக்கிறோம், கிடைத்த இடத்தில் கையெழுத்துப் போடுகிறோம்.

முதலில் வீட்டு நிலவரம். பாபநாசத்துக்குத் தெற்கே, குடமுருட்டி ஆற்றுப் பாசனத்தில் சித்தப்பாவுக்கு ஆறு மா நஞ்சை. மூணு மா ஓர் ஏக்கர் என்ற கணக்கில் இரண்டு ஏக்கர். தம்பி திருப்பூரில் வேலை பார்த்து மாதம் 8,000 அனுப்புகிறான். தங்கை சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்குப் போட வேண்டிய 12 பவுனைச் சித்தி பத்து வருடமாகச் சீட்டு, தீபாவளி போனஸ், ஆட்டுக்குட்டி விற்ற காசு என்று சேர்த்துவிட்டார். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மண்டபம், சாப்பாடு, பந்தல், மேளம், சீர், துணிமணி எல்லாம் சேர்த்து நோட்டில் இருந்தது 11 லட்சம். கையில் 3 லட்சம், அதில் பாதி தங்கையின் சேமிப்பு. மொய் 3 லட்சம் வரும் என்று சித்தப்பா எழுதியிருந்தார்.

அந்த மொய்யில்தான் நான் முதலில் கை வைத்தேன். மொய் நோட்டை எடுத்துவரச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் சித்தப்பாவுக்கு யார் வீட்டில் எவ்வளவு எழுதினோம் என்பது மனப்பாடம். இதுவரை நாம் செய்த இடங்களை மட்டும் எண்ணினால் 2 லட்சத்துக்குச் சற்று மேல்தான் வந்தது. மீதி ஒரு லட்சம் "நம்ம ஊர்க்காரங்க, செய்யாமலா போயிடுவாங்க" என்ற நம்பிக்கை. நம்பிக்கையை வரவில் எழுதக் கூடாது என்பது ஆலையில் நான் படித்த முதல் பாடம். அதோடு, வரும் 2 லட்சமும் திருப்பிச் செய்ய வேண்டிய பணம். பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அங்கே அதை முறையான ஒரு கொடுக்கல் வாங்கலாகவே நடத்துகிறார்கள். நம் பக்கத்தில் அதே கொடுக்கல் வாங்கலைச் சந்தனம் குங்குமம் வைத்து நடத்துகிறோம், அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. மொய் கல்யாணத்தன்றுதான் கைக்கு வரும். சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் மீதித் தொகை கொடுக்க அது உதவும். மண்டபத்துக்கு முன்பணம் கட்ட உதவாது.

ஆக 11 லட்சத்தில் 3 போக, 2 போக, இடைவெளி 6 லட்சம்.

அரசு உதவி எதுவும் கிடைக்காதா என்று சித்தப்பா கேட்டார். அவர் மனதில் இருந்தது பழைய தாலிக்குத் தங்கம் திட்டம். மயிலாடுதுறை பக்கத்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த அந்தத் திருமண உதவி 2022-இல் புதுமைப் பெண் திட்டமாக மாறிவிட்டது. இப்போது அது கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். தங்கை படித்து முடித்துவிட்டாள். அந்தக் கதவு இல்லை.

இனி வழிகளுக்கு வருகிறேன். ஊரில் எல்லோரும் முதலில் போகும் இடம் தனியார் வட்டி. இரண்டு வட்டிக்குத் தர ஆள் இருக்கிறார் என்றார் சித்தப்பா. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்று சொல்லும்போது சின்னதாகத் தெரிகிறது. 6 லட்சத்துக்கு மாதம் 12,000, வருடத்துக்கு 1,44,000. அசலில் ஒரு ரூபாய் குறையாது. "ஆறு மா நிலத்துல வருசத்துக்கு என்ன மிஞ்சும் சித்தப்பா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் நோட்டைப் பார்த்தார்.

நாங்களே போட்டோம். சம்பாவில் ஏக்கருக்கு 22 குவிண்டால் என்று வைத்துக்கொள்வோம். 2025-26 பருவத்தில் கொள்முதல் நிலையத்தில் சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டால் 2,500 ரூபாய். வருவது 55,000. உழவு, நடவு, உரம், மருந்து, அறுவடை மிஷின், மூட்டை ஏற்றி இறக்கும் கூலி எல்லாம் சேர்த்து அவர் கணக்கில் 32,000. மிச்சம் 23,000. இரண்டு ஏக்கருக்கு 46,000. மேட்டூர் தண்ணீரைப் பொறுத்த குறுவைப் போகத்தை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2023-இல் நாள் தவறாமல் திறந்தும் தண்ணீர் போதாமல் குறுவை கருகியது. 2024-இல் ஜூலை 28 வரை திறக்கவே இல்லை. 2025-இல் மறுபடி ஜூன் 12. சொந்த போர் உள்ளவர்கள் சமாளிக்கலாம். ஆற்றுத் தண்ணீரை நம்பியிருப்பவர் குறுவையை நம்பிக் கடன் தவணை ஒப்புக்கொண்டால், அந்தக் கையெழுத்துக் கர்நாடகத்து மழையை நம்பிப் போட்டது.

நிலத்தை விற்கக் கூடாது என்பதற்காக வாங்கும் கடனுக்கு வருடத்துக்கு 1,44,000 வட்டி. அந்த நிலம் முழுக்கத் தருவது 46,000. நிலம் காப்பாற்றப்படவில்லை, நிலத்தை விட மூன்று மடங்கு பெரிய வாய் ஒன்று வீட்டுக்குள் வந்து உட்கார்கிறது. எங்கள் ஊரிலேயே இப்படித் தொடங்கி, நாலு வருடம் வட்டி கட்டி, ஐந்தாம் வருடம் அதே நிலத்தை அதே ஆளுக்கு எழுதிக் கொடுத்த இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்றவற்றுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் எழுதாத புரோநோட்டிலும் தொகை போடாத செக்கிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டவரிடம் போய் அந்தச் சட்டத்தைப் பேச நம் ஆட்களுக்குத் துணிச்சல் வருவதில்லை. அவசரத்துக்கு ஒரு மாதம், இரண்டு மாதம் கைமாற்று வாங்குவது வேறு. அதற்கும் தொகையை எண்ணிலும் எழுத்திலும் நிரப்பிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வருடக்கணக்கில் ஓடும் செலவுக்கு இந்த வழி வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

தம்பியின் சம்பளத்தை வைத்து வங்கியில் தனிநபர் கடன் எடுக்கலாமே என்று ஒரு பேச்சு வந்தது. 6 லட்சம், 14 சதவீதம், ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 13,960. அவன் அனுப்புவதே 8,000. அதோடு முடிந்தது அந்தப் பேச்சு. அவனுக்கும் ஒரு கல்யாணம் இருக்கிறது.

சீட்டு நல்லதுதான், ஆனால் மூன்று நாலு வருடம் முன்பே சேர்ந்திருந்தால். ஐந்து லட்சம் ஏலச்சீட்டில் இப்போது சேர்ந்து, தொடக்கத்திலேயே எடுக்க வேண்டுமென்றால் தள்ளு, அதாவது ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை, அதிகம் போகும். ஒன்றரை லட்சம் தள்ளி எடுத்தால் கைக்கு வருவது மூன்றரை. கட்ட வேண்டியது மாதாமாதம் கடைசி வரைக்கும். சீட்டு எடுக்கும்போது ஜாமீன் கேட்பார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1982-ஆம் வருடச் சட்டப்படி பதிவு பெற்ற சீட்டா என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா நடத்தும் சீட்டில் நாணயம் இருக்கலாம், ரசீது இருக்காது.

இனி போக்கியம். சிலர் ஒத்தி என்பார்கள். சித்தப்பாவுக்கு மனதுக்குப் பிடித்த வழி இதுதான். மூன்று மாவை மூன்று வருடத்துக்குப் போக்கியம் எழுதிக் கொடுத்தால் நாலரை லட்சம் கிடைக்கும். வட்டி கிடையாது, பணம் கொடுத்தவர் பயிர் செய்துகொள்வார். நிலமும் நம் பேரில்தான் இருக்கும். கேட்கும்போது எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரிகிறது. மூன்று மா தரும் 23,000 ரூபாயை விட்டுக்கொடுத்து நாலரை லட்சம் வாங்குவது, வட்டிக் கணக்கில் பார்த்தால் 5 சதவீதம்தான். இவ்வளவு மலிவாக எந்த வங்கியும் தராது.

சிக்கல் மூன்றாம் வருடக் கடைசியில். அன்றைக்கு நாலரை லட்சத்தையும் மொத்தமாக எடுத்து வைக்க வேண்டும். நகைக்கடனில் அவ்வப்போது ஐயாயிரம், பத்தாயிரம் கட்டிக் குறைக்கலாம். போக்கியத்தில் அப்படிக் கட்டுகிறவரை நான் பார்த்ததில்லை. பாதி நிலத்தின் வருமானம் போன வீட்டில், மாதாமாதம் யாரும் கேட்காத ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைக்க மிகப் பெரிய கட்டுப்பாடு வேண்டும். வைக்க முடியாதபோது "இன்னும் ஒரு லட்சம் வாங்கிக்கிட்டுக் கிரயமா எழுதிடேன்" என்பார்கள். அப்போது விலை அவர் சொல்வதுதான். ஆகவே போக்கியம் யாருக்குச் சரி என்றால், மூன்று வருடத்துக்குள் ஒரு மொத்தத் தொகை வரும் என்று தேதியோடு தெரிந்தவருக்கு. ஓய்வூதியப் பணம் வர வேண்டியவர், எல்.ஐ.சி. பாலிசி முதிர்பவர், வெளிநாட்டிலிருந்து ஒப்பந்தம் முடிந்து வரப்போகிறவர். அவர்களுக்கும் ஒன்று சொல்வேன். வெள்ளைப் பேப்பரில் எழுதி ஊர்ப் பெரியவர் கையெழுத்தோடு விடாதீர்கள், பதிவு செய்யுங்கள். சித்தப்பாவுக்கு அப்படி எந்தத் தேதியும் இல்லை.

நகைக்கடனைப் பற்றி எழுதும்போது என்னால் கணக்கோடு நிறுத்த முடியவில்லை.

அப்பாவுக்கு இருதய ஆபரேஷன் நடந்த வருடம் அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியை ஒரு நிதி நிறுவனத்தில் அடகு வைத்தோம். நான்தான் கூடப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் சங்கிலியைக் கல்லில் உரசி, தராசில் போட்டு, முகப்பில் இருந்த கல்லுக்கும் அரக்குக்கும் கழிவு எழுதினார். அம்மா ஒவ்வொரு எண்ணையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு வருடம் வட்டி கட்டி மாற்றி வைத்தோம். மூன்றாம் வருடம் வீடு மாறினோம். புது முகவரியை அங்கே கொடுக்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பதிவுத் தபாலில் ஏல நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய், கதவு பூட்டியிருக்கத் திரும்பிப் போயிருக்கிறது. நாங்கள் பணத்தோடு போனபோது சங்கிலி இல்லை. ஏலத்தில் கடன் போக மிஞ்சியது நமக்குச் சேர வேண்டியது என்பதுகூடத் தெரியாமல், ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம். அம்மா வரும் வழியில் ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இருந்தும் கடன் என்று வாங்குவதானால் நகைக்கடனையே வாங்குங்கள் என்கிறேன். வட்டி குறைவு, அன்றைக்கே கிடைக்கும், முன்னதாகக் கட்டலாம், வயல் நம் கையில் இருக்கும். சித்தியின் சொந்த நகை 9 பவுன் இருந்தது. வங்கியில் 9 சதவீதம் என்று வைத்தால் 6 லட்சத்துக்கு வருட வட்டி 54,000. இரண்டு வட்டியோடு ஒப்பிட்டால் மிச்சமே 90,000.

ரிசர்வ் வங்கி 2025-இல் கொண்டுவந்து 2026 ஏப்ரல் முதல் எல்லோரும் பின்பற்ற வேண்டிய விதிகளில் நமக்கு உதவுகிறவை சில உண்டு. இரண்டரை லட்சம் வரை கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம், ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. முழுக் கடனையும் கட்டிய பிறகு ஏழு வேலை நாளுக்குள் நகையைத் தர வேண்டும், அவர்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் நமக்கு. கடைசியில் அசலும் வட்டியுமாய் மொத்தமாகக் கட்டும் வகைக் கடனுக்குக் காலம் 12 மாதம்தான். அதைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் சேர்ந்த வட்டியைக் கட்டியாக வேண்டும். அதிகம் தருகிறார்கள் என்பதற்காக அதிகம் வாங்காதீர்கள். தங்கம் விலை ஏறும்போது "அதே நகைக்கு இன்னும் கொஞ்சம் தரலாம்" என்று போன் வரும். அந்தப் போனை எடுத்துப் பேசுகிறவர்கள்தான் பிறகு மீட்க முடியாமல் நிற்கிறார்கள்.

இந்த 12 மாதத்தில்தான் டெல்டாவுக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. தை கல்யாணத்துக்குத் தையில் நகையை வைத்தால், அடுத்த தையில் தவணை முடியும். தையில் நம் நெல் எங்கே இருக்கும்? பாதி வயலில், பாதி களத்தில். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்று காயப்போட்டு, கொள்முதல் நிலையத்தில் வரிசையில் நின்று, பணம் வங்கிக் கணக்குக்கு வர மாசியோ பங்குனியோ ஆகிவிடும். கடன் முடிவதற்கும் காசு வருவதற்கும் நடுவில் ஒரு மாதம், ஒன்றரை மாதம். அந்த இடைவெளிக்குத்தான் வெளியே வட்டிக்கு வாங்குகிறோம். சித்தப்பாவிடம் நான் கேட்டது ஒன்றுதான். "முகூர்த்தத்தை வைகாசிக்குத் தள்ள முடியுமா? நெல்லுப் பணம் கைக்கு வந்துடும். கடனும் வைகாசியிலதான் முடியும், ஒவ்வொரு வருசமும் அறுவடைக்கு அப்புறம்." தை பிறந்தால் வழி பிறக்கும் என்று வளர்ந்தவர் அவர். கொஞ்சம் தயங்கினார். அப்புறம் மாப்பிள்ளை வீட்டில் பேசிப் பார்க்கிறேன் என்றார். அவர்களும் விவசாயக் குடும்பம்தான், உடனே ஒப்புக்கொண்டார்கள்.

கூட்டுறவு சங்கத்தில் வாங்கும் பயிர்க்கடனைக் கல்யாணத்துக்குத் திருப்பலாமே என்று சித்தியின் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். தவணை தவறாமல் கட்டினால் வட்டியே இல்லாத பணம் அது. அதைப் பந்தலில் போட்டுவிட்டால் உரத்துக்கும் நடவுக்கும் இரண்டு வட்டிக்கு வாங்க வேண்டும், தவணை தவறினால் வட்டிச் சலுகையும் போகும். மலிவான பணத்தை அதன் இடத்தில் விட்டுவைப்பதே நல்லது. 2021-இல் ஐந்து பவுன் வரை கூட்டுறவு நகைக்கடனைத் தள்ளுபடி செய்தது போல மறுபடி செய்வார்கள் என்று கட்டாமல் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அது நடந்தால் சந்தோஷம். நடக்கும் என்று கடன் வாங்கக் கூடாது.

சாயங்காலம் தங்கைக்குப் போன் போட்டோம். ஸ்பீக்கரில் வைத்து நோட்டில் இருந்த ஒவ்வொரு வரியையும் படித்தேன். "அக்கா, கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் எல்லாத்தையும் அடிச்சிடு. நாங்க சென்னையில ஒரு ரூம் வாடகை வீட்டுலதான் இருக்கப் போறோம், அதையெல்லாம் எங்க வைக்கிறது? அவங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன்." ஒரு லட்சம் குறைந்தது. நாங்கள் மூன்று பேரும் பாதி நாள் உட்கார்ந்து வெளியே போய்க் கடன் தேடிக்கொண்டிருந்தோம். யாருக்குக் கல்யாணமோ அவளைக் கேட்க ஐந்து மணி ஆயிற்று.

இடைவெளி இப்போது 5 லட்சம். வருடத்துக்குக் கட்டும் சக்தி என்ன? சம்பா மிச்சம் 46,000, தம்பி அனுப்புவது 96,000, மொத்தம் 1,42,000. நான் ஒரு அளவு வைத்தேன். மூன்று சம்பாவுக்குள் நகை வீட்டுக்குத் திரும்ப வேண்டும், அந்த மூன்றில் ஒன்று முழுக்கப் பாழானாலும் திரும்ப வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்த ராத்திரியை நினைத்துக்கொண்டுதான் இரண்டாவது நிபந்தனையைச் சேர்த்தேன். இந்த அளவுக்குள் 3 லட்சம் அடங்குகிறது. முதல் சம்பாவே போய் தம்பியின் பணம் மட்டும் இருந்தாலும் வருடக் கடைசியில் 2,31,000 நிற்கும், அடுத்த வருடம் 1,10,000, மூன்றாம் வருடம் தீர்ந்துவிடும். 5 லட்சம் இந்த அளவுக்குள் வரவில்லை.

மீதி 2 லட்சத்துக்கு இரண்டு வழிதான். வட்டிக்கு வாங்குவது, அல்லது நிலம்.

நிலம் என்ற சொல் வந்ததும் சித்தப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அவர் வருத்தத்தை நான் குறைத்து எழுத மாட்டேன். தாத்தா குத்தகைக்கு உழுது, ஒவ்வொரு மாவாகக் கிரயம் வாங்கிச் சேர்த்தது. விற்றால் அதே இடத்தில் திரும்ப வாங்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் கணக்கும் உண்மைதான். ஒரு மாவுக்கு 4 லட்சம் விலை பேசலாம் என்ற நிலையில், அந்த மா வருடத்துக்குத் தருவது 7,700 ரூபாய்க்குள். அதே 4 லட்சத்துக்கு நகைக்கடன் வட்டி 36,000. நிலத்தின் விலை வருடத்துக்கு 7 சதவீதம் ஏறிக்கொண்டே இருந்தால் இரண்டும் சமம். ஆக 9 சதவீத வட்டியில் நிலத்தை வைத்துக்கொள்வதற்கும் விற்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, கட்டும் சக்தி இருந்தால் வைத்துக்கொள்ளலாம். இரண்டு வட்டி என்றால் 96,000. நிலம் வருடத்துக்கு 22 சதவீதம் ஏறினால்தான் அது ஈடாகும். நெல் விளையும் நஞ்சை அப்படி ஏறி நான் பார்க்கவில்லை.

அரை மாவை, அதாவது 50 குழியை மட்டும் விற்கலாமா என்று பார்த்தோம். நியாயமான விலைக்கு ஆள் இல்லை. ஒரு மா என்றால் பக்கத்து வயல்காரரே கேட்டார். ஒரு மாவை விற்று, மிச்சம் ஒரு லட்சத்துக்கு மட்டும் நகை வைப்பது என்று முடிவானது. அந்த ஒரு லட்சம் ஒரே வருடத்தில் தீர்ந்துவிடும், சித்தியின் நகையில் பெரும்பகுதி வீட்டை விட்டே போகவில்லை.

விற்பதாக இருந்தால் முதலில் செய்ய வேண்டியது, எந்த மா என்று நாமே முடிவு செய்வது. அவசரத்தில் விற்கிறவர் ரோட்டோரத்து மாவைத்தான் விற்பார், ஏனென்றால் அதுதான் உடனே போகும். அது போனால் மீதி வயலுக்கு டிராக்டர் இறங்க வழி இருக்காது, வாய்க்கால் மடையும் அடுத்தவர் கையில் போய்விடும். நாங்கள் வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் இருந்த மாவை எடுத்தோம். விலை கொஞ்சம் குறைவு என்றாலும் மீதி ஐந்து மாவும் ஒரே கட்டாக நிற்கும். கூட்டுப் பட்டாவிலிருந்து உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குவது, வில்லங்கச் சான்று எடுப்பது, நிலத்தை அளப்பது இதற்கெல்லாமே நாலைந்து மாதம் பிடித்தது. ஐப்பசியில் தொடங்கியதால்தான் பங்குனியில் பத்திரம் முடிந்தது. தையில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு மார்கழியில் விற்கப் போயிருந்தால், வாங்குகிறவர் சொன்னதுதான் விலை.

வாங்குகிறவர் பாதியை ரொக்கமாகத் தருகிறேன், பத்திரத்தில் குறைத்துப் போடலாம் என்று கேட்டார். நாங்கள் மறுத்தோம். நிலம் விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். மேலும் கிராமத்து விவசாய நிலத்தை விற்றால் லாபத்துக்கு வரியே கிடையாது, பிறகு எதற்கு மறைக்க வேண்டும்? ஊர் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் பேருக்கு மேல் உள்ள நகர எல்லைக்குள் இருந்தாலோ, மக்கள்தொகையைப் பொறுத்து அதிலிருந்து 2, 6, 8 கிலோமீட்டருக்குள் இருந்தாலோ வரி உண்டு. கும்பகோணம், தஞ்சாவூர் சுற்றுவட்டாரத்துக்காரர்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது.

கடைசியாக ஒன்று, பலரும் விட்டுவிடுவது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-லேயே அன்றைக்குத் திருமணமாகாத பெண்களுக்குக் கொடுத்தார்கள், 2005-இல் நாடு முழுக்கப் பெண்கள் எல்லோருக்கும் வந்தது. தங்கையின் கல்யாணத்துக்காக விற்கும் நிலத்தில் தங்கைக்கும் பங்கு இருக்கலாம். அவள் கையெழுத்து வேண்டும் என்பது பத்திர எழுத்தர் சொல்லித்தான் சித்தப்பாவுக்குத் தெரிந்தது. தம்பியும் திருப்பூரிலிருந்து வந்தான்.

பங்குனியில் ஒரு புதன்கிழமை பதிவு. தங்கை ராத்திரி வண்டியில் வந்து நேராகப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். எழுத்தர் பத்திரத்தைப் படித்தார். நான்கெல்லை, பரப்பு, விலை எல்லாம் வந்தது. கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கியவள், "நம்ம அஞ்சு மாவுக்குத் தண்ணி அந்தப் பக்கத்து மடையில இருந்துதானேப்பா வருது, அது இதுல எழுதியிருக்கா?" என்று கேட்டாள். எழுதவில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்து, மடை வழியும் வரப்பு வழியும் சேர்த்த புதுப் பக்கத்தை அச்சடித்து வாங்கினோம். அதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் கையெழுத்துப் போட்டாள், அவளுக்குப் பிறகு சித்தப்பா.